நூற்று நான்கு கையெழுத்து

நாகலேரி ஊராட்சியில் கிராம சபை இரண்டு தடவை கூடும். முதல் தடவை ஏரிக்குள். அதில் கையெழுத்து மட்டும். இரண்டாவது தடவை கொடிக்கம்பத்துக்குக் கீழே. அதில் மிட்டாய் மட்டும். சட்டத்தில் இப்படியா இருக்கிறது என்று கேட்காதீர்கள். சட்டம் எழுதியவர்கள் யாரும் நூறு நாள் வேலைக்கு வந்தவர்கள் இல்லை.

விஷயம் இதுதான். இரண்டாயிரத்துச் சொச்சம் ஜனம் உள்ள ஊராட்சியில் நூறு பேராவது வந்து கையெழுத்துப் போட்டால்தான் கிராம சபை செல்லும். கொடிக்கம்பத்துக்கு நூறு பேர் வருவதில்லை. ஏரி தூர் வாருகிற இடத்திலோ தினமும் நூற்றுக்கு மேல் மண்வெட்டியோடு நிற்கிறார்கள். ஜனம் புத்தகத்திடம் வராவிட்டால் புத்தகம் ஜனத்திடம் போகட்டும் என்று எந்தக் காலத்திலோ ஒரு புண்ணியவான் முடிவு செய்துவிட்டான். அன்றிலிருந்து கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே தீர்மானப் புத்தகம் ஏரிக்கு வந்துவிடும்.

கொண்டுவருகிறவள் சோபனா. முப்பத்து நான்கு வயது, பிளஸ் டூ வரை படித்தவள், அந்த வேலையின் பணித்தளப் பொறுப்பாளர். வேலைக்கு வந்தவர்களை இரண்டு வேளையும் போனில் படம் பிடித்து ஏற்றுவது, வராதவர்களுக்காக ஏச்சு வாங்குவது, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்குவது, இதுதான் அவள் உத்தியோகம். புருஷன் பச்சியப்பன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்கிறான். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வந்துபோவான். ஊரில் சோபனாவுக்கு ஒரு மரியாதை உண்டு. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கவா, பென்ஷனுக்கு எழுதவா, எல்லாம் அவளிடம்தான். அவள் நீட்டின தாளில் என்ன இருக்கிறது என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. அதை அவள் பெருமையாகவே நினைத்திருந்தாள்.

அவளுக்கு ஒரு முறை உண்டு. புத்தகத்தில் நான்கு பக்கம் காலியாக விட்டு, ஐந்தாவது பக்கத்திலிருந்து கையெழுத்து வாங்குவாள். தீர்மானங்களை ஊராட்சிச் செயலர் நவநீதன் பிறகு சாவகாசமாக எழுதிக்கொள்வார். ஊரில் அவருக்குக் கிளார்க் என்றுதான் பெயர். தெருவிளக்கு, குடிநீர், சுகாதாரம் என்று வருஷா வருஷம் அதே தீர்மானம்தான். ஒவ்வொன்றின் அடியிலும் 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்று இருக்கும். நாகலேரி ஜனம் ஒரு மனதாக இருந்து பார்த்தவர் யாருமில்லை. மாரியம்மன் பண்டிகைக்கு எந்த ஊர் மேளம் என்பதிலேயே மூன்று கட்சி கிளம்புகிற ஊர் அது.

இரண்டாயிரத்து இருபத்தைந்து ஜனவரியில் தலைவர், வார்டு உறுப்பினர் எல்லாருடைய பதவிக்காலமும் முடிந்தது. தேர்தல் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. ஊராட்சியைத் தனி அலுவலர் பார்ப்பார் என்று உத்தரவு வந்தது. அவர் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி ஒன்றிய அலுவலகத்தில் இருந்தார். தலைவர் இருந்தபோது அவரைத் திட்டாத வாயில்லை. போன பிறகுதான் திட்டுவதற்குக்கூட ஆளில்லையே என்று ஊருக்கு உறைத்தது. உறைத்து என்ன? தேர்தல்தான் எப்படியும் வருமே என்று இருந்துவிட்டார்கள்.

குடியரசு நாள் கூட்டத்துக்கு வழக்கம்போல இரண்டு நாள் முன்பே ஏரிக்குள் கையெழுத்து வாங்கினாள் சோபனா. நாற்பது நிமிஷத்தில் நூற்று நான்கு. இருபத்தாறாம் தேதி கொடியேற்றத்துக்கு வந்தவர்கள் அவளையும் சேர்த்துப் பதினோரு பேர். கிளார்க் படம் எடுத்தார். மிட்டாய் மிஞ்சிப்போனது.

ஏப்ரலில் சேதி வந்தது. நாகலேரி ஊராட்சியைப் பக்கத்துப் பேரூராட்சியோடு சேர்க்கப்போகிறார்களாம். சேர்த்துவிட்டால் நூறு நாள் வேலை கிடையாது, வீட்டு வரி ஏறும். அடிமடியிலேயே கை வைத்துவிட்டார்கள் என்று ஊர் கொதித்தது. திங்கட்கிழமை மனு கொடுக்கிற நாளுக்கு முப்பது பேர் பஸ் ஏறித் தருமபுரி கலெக்டர் ஆபீசுக்குப் போனார்கள். அங்கே மனுவை வாங்கின அலுவலர் ஒரு காகிதக் கட்டைப் புரட்டி, உங்கள் கிராம சபையே ஜனவரியில் சம்மதித்துத் தீர்மானம் போட்டிருக்கிறதே, இப்போது வந்து அழுதால் எப்படி என்று கேட்டார். அதன் நகல் ஒன்றையும் கையில் கொடுத்தார். முன்னது செல்லாது என்றால் ஏன் செல்லாது என்று காரணம் காட்டி இன்னொரு தீர்மானம் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த நகலைக் கையில் பிடித்துக்கொண்டு, பஸ்ஸிலிருந்து இறங்கின கையோடு சோபனா வீட்டுக்கு வந்தவள் குள்ளம்மாள். ஐம்பது வயது, வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவள், ஏரி வேலையில் முதல் ஆள். கையெழுத்துப் பட்டியலில் நான்காவது பெயர் அவளுடையது.

"இது என் கையெழுத்துதான். 'ள்' போடறப்ப வால நீட்டி உடுவேன், பாரு. மேல இன்னா எழுதியிருக்குது, படி."

சோபனா படித்தாள். 'நாகலேரி ஊராட்சியை அருகிலுள்ள பேரூராட்சியுடன் இணைத்திட இக்கிராம சபைக்கு ஆட்சேபணை ஏதுமில்லை என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' நான்காவது பக்கத்தில், கடைசித் தீர்மானம். தெருவிளக்குக்கும் டெங்குக் கொசுவுக்கும் பின்னால், நல்ல பிள்ளைபோல் உட்கார்ந்திருந்தது. வேலை போவது ஒரு பக்கம். பேரூராட்சி ஆகிவிட்டால் இந்த ஊருக்குக் கிராம சபையே கிடையாது. இனிமேல் நாங்கள் கூட மாட்டோம் என்று, கூடாத ஒரு சபை, ஒரே மனதாக எழுதிக் கொடுத்திருக்கிறது. கையெழுத்தை வாங்கிக் கொடுத்தது அவள் கை.

குள்ளம்மாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "உனுக்குத் தெரியாமத்தான் எழுதியிருப்பாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் சோபனா ஊராட்சி அலுவலகத்துக்குப் போனாள். நவநீதன் கெட்டவரில்லை, யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர், அவ்வளவுதான். மேலிடத்திலிருந்து தீர்மான வாசகம் போனுக்கு வந்தது, எல்லா ஊராட்சியிலும் எழுதினார்கள், நானும் எழுதினேன் என்றார். எழுதியதைப் படித்துப் பார்த்தாரா என்று கேட்டாள். படித்தாராம். ஊரிடம் சொன்னாரா என்றால், யாரிடம் சொல்வது, பதினோரு பேர்தானே வந்தீர்கள் என்று அவளையே திருப்பிக் கேட்டார்.

பிறகு அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"மே ஒண்ணு கிராம சபையில எதிர்த்துத் தீர்மானம் போட்டுக்கலாம்மா. ஆனா முன்கூட்டி கையெழுத்து வாங்குனோம்னு மட்டும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது. அப்படிச் சொன்னா வாங்குனது யாருன்னு கேப்பாங்க. நீதான் வாங்குன. எனக்கு மெமோ வரும், உனக்கு வேலையே போயிரும்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் எதிர்த் தீர்மானம் என்றால் காரணம் வேண்டும். காரணம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஊருக்கெல்லாம் தெரியும். தெரியாததுபோல் இருக்கவும் ஊருக்குத் தெரியும்.

இதற்குள் ஊர் வேறொரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நகலில் இருந்த நூற்று நான்கு பேரையும் டீக்கடையில் வைத்து உரக்கப் படித்தார்கள். அதில் தொண்ணூறு பேர் பெண்கள். பொம்பளைகள் பிரியாணிக்கு ஆசைப்பட்டு ஊரையே எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. யார் போட்டது அந்தப் பிரியாணி, எங்கே போட்டது என்று கேட்பாரில்லை. கையெழுத்துப் போட்டவர்களுக்குக் கூட்டத்தில் பேச என்ன யோக்கியதை என்றார்கள். குள்ளம்மாளின் சொந்த மகனே அவளிடம், "ஏம்மா, எவ்ளோ வாங்குன?" என்று கேட்டானாம். அவள் அன்றைக்குக் களி கிண்டவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி ஏரியில் சொன்னாள். சோபனா அதைக் கேட்டுக்கொண்டே போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். படம் மூன்று தடவை கலங்கிப்போய், நான்காவது தடவைதான் சரியாக ஏறியது.

பச்சியப்பனிடம் போனில் சொன்னாள். அவன் யோசித்துவிட்டு, ஊரோடு ஒத்துப்போ, நீ ஒருத்தி சொல்லி எது மாறப்போகிறது, என் ஒருத்தன் கூலியில் ரெண்டு பிள்ளையைப் படிக்கவைக்க முடியுமா என்றான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. பத்தாவது மாடியில் சாரத்தின் மேல் நிற்கிறவனுக்குக் கீழே எதுவும் அசையாமல் இருந்தால்தான் நிம்மதி.

ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதி கிளார்க் பழக்க தோஷத்தில் புத்தகத்தைக் கொடுத்தனுப்பிவிட்டார். இந்தத் தடவை கூட்டம் கட்டாயம் வரும், கையெழுத்து முன்னால் வாங்கத் தேவையே இல்லை. என்றாலும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சீட்டு வைத்திருந்தார். சோபனா புத்தகத்தோடு ஏரிக்குப் போனாள். போகிறபோதே முடிவு செய்திருந்தாள்: இன்றைக்கு ஒருத்தரும் போட மாட்டார்கள், கண்டபடி பேசுவார்கள், பேசட்டும், அதோடு என் பாரம் குறைந்துவிடும்.

அவள் புத்தகத்தை எடுத்ததும் எல்லாரும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வரிசையில் வந்து நின்றார்கள்.

எப்போதும்போல. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒருத்தி பின்னால் ஒருத்தியாக. பிரியாணிப் பேச்சுக் கேட்டவர்கள், வீட்டில் ஏச்சு வாங்கியவர்கள், எல்லாரும். நான்காவதாகக் குள்ளம்மாள் நின்றாள். அவள் முறைக்குக்கூடக் காத்திருக்கவில்லை. பேனாவுக்குக் கையை நீட்டினாள்.

"எதுக்குன்னு கேக்க மாட்டியாக்கா?" என்றாள் சோபனா.

"நீ கேட்டு போடாம இருப்பனா? உன்னிய நம்பாம வேற யார நம்பறது?"

சோபனாவுக்குக் கிளார்க் மேல் இருந்த கோபம், மேலிடத்தின் மேல் இருந்த கோபம் எல்லாம் அந்த நிமிஷம் காணாமல் போய்விட்டது. இவர்களை இப்படி வரிசையில் நிற்கப் பழக்கினது யார்? நம்பிக்கை என்று அவள் பெருமைப்பட்டுக்கொண்டது இதைத்தான். கேள்வி கேட்காத கூட்டத்தை மேலிருந்து யாரும் உண்டாக்கவில்லை. அவள்தான் நாற்பது நாற்பது நிமிஷமாக உண்டாக்கியிருக்கிறாள். புத்தகத்தை மூடினாள். நாளை மறுநாள் கூட்டத்துக்கு வந்து, படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடுங்கள் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

மே ஒன்றாம் தேதி வெயில் காலை பத்து மணிக்கே மண்டையைப் பிளந்தது. பள்ளிக்கூட வேப்பமரங்களுக்குக் கீழே இருநூறு பேருக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடியிருந்தார்கள். கூட்டத்தை மேற்பார்க்க ஒன்றியத்திலிருந்து வரும் பற்றாளர், ஒரு நடுவயதுப் பெண், இவ்வளவு ஜனத்தை எதிர்பார்க்காமல் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளார்க் தெருவிளக்கிலிருந்து ஆரம்பித்தார். அதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம், இணைப்பை எடு என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. உடனே, பிரியாணி தின்றவர்களை முதலில் எழுந்து போகச் சொல் என்று இன்னொரு சத்தம். பெண்கள் பக்கம் தலைகள் குனிந்தன.

சோபனா எழுந்து நின்றாள். பேச வேண்டியதை இரண்டு நாளாக மனப்பாடம் செய்திருந்தாள். நின்றதும் ஒரு வார்த்தைகூட நினைவில்லை.

"ஜனவரி இருபத்தாறு கூட்டத்துக்கு வந்தது பதினோரு பேரு. நானும் அதுல ஒருத்தி. நூத்தி நாலு கையெழுத்தும் ரெண்டு நாளு முன்னாடியே ஏரியில நான் வாங்குனது. அப்ப மேல ஒண்ணுமே எழுதல, வெத்துப் பக்கம். இவங்க யாருக்கும் எதுவும் தெரியாது. எவரும் எதையும் வாங்கல. தப்பு பண்ணது நானு. அத அப்படியே புஸ்தகத்துல எழுதுங்க."

கிளார்க் பேனாவைத் திறக்கவில்லை. இது கூட்டப் பொருள் பட்டியலில் இல்லையே என்று பற்றாளரைப் பார்த்தார். பற்றாளரும் இதையெல்லாம் பதிவு செய்ய முறை இருக்கிறதா என்று தெரியவில்லை என்றார். அப்போது குள்ளம்மாள் இருந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"சபையில சொன்னத எழுதத்தான புஸ்தகம் வச்சிருக்கீங்க? வெத்துப் பக்கத்துல எழுதத் தெரியுது, எங்க முன்னாடி எழுதத் தெரியாதா?"

சிரிப்பு எழுந்தது, ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. எழுதுகிறவரை இருக்கிறோம் என்று உட்கார்ந்தே இருந்தார்கள். அரை மணி கழித்துப் பற்றாளரே, எழுதுங்கள் சார், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். நவநீதன் எழுதினார். காலிப் பக்கத்தில் பிறகு எழுதினது யார் என்று கூட்டம் கேட்டதால் தன் பெயரையும் தானே எழுதிக்கொண்டார். ஜனவரித் தீர்மானம் சபை கூடாமல் எழுதப்பட்டது, ஆகவே செல்லாது, நாகலேரி ஊராட்சியாகவே நீடிக்க வேண்டும் என்று முடித்தார். உரக்கப் படித்தார். காது கேட்காதவர்களுக்காக இன்னொரு தடவை படித்தார். எல்லாக் கையும் ஒருசேர உயர்ந்தது. இதை வைத்து மேலிடம் இணைப்பை நிறுத்துமா, நிறுத்தாதா என்று அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. காரணம் கேட்டார்கள், கொடுத்தாயிற்று.

அத்தோடு கலைந்திருக்கலாம். குள்ளம்மாள் கலையவிடவில்லை. இந்தத் தடவை எழுந்து நின்றாள்.

"தப்புன்னு எழுதியாச்சு. தப்புக்கு இன்னான்னும் எழுதணும். கிளார்க்க மேல விசாரிக்கட்டும். சோபனா இனிமே இந்த வேலையில இருக்க வேணாம்னு நான் சொல்றேன். எனக்கு அவ மேல கோவமில்ல. எம் புள்ள என்னப் பாத்து எவ்ளோ வாங்குனன்னு கேட்டுட்டான். அதுக்கு ஒரு பதில் வேணும்."

அப்போது கிளம்பியது சத்தம். உண்மையைச் சொன்னவளுக்கு இதுவா கூலி என்று ஒரு பக்கம். உண்மை பேசினால் செய்தது இல்லை என்று ஆகிவிடுமா என்று மறுபக்கம். நம் பென்ஷனுக்கு இனி யார் எழுதுவது என்று ஒரு கிழவர் அழாக்குறையாகக் கேட்டார். சம்பந்தமே இல்லாமல் தண்ணீர் டேங்க்கைப் பற்றி ஒருவர் ஆரம்பித்தார். நாகலேரியில் மாரியம்மன் பண்டிகையைத் தவிர இவ்வளவு வாக்குவாதம் அன்றுதான் நடந்தது. கிளார்க்கை விசாரிப்பதற்குப் பெரிய தகராறு இல்லை. அவருக்காகப் பேச ஒருவரும் எழவில்லை. சோபனா விஷயத்தில் மட்டும் கையைத் தூக்கி எண்ண வேண்டியதாயிற்று. வேண்டாம் என்று நூற்று ஒன்பது. இருக்கட்டும் என்று எழுபத்தெட்டு. சோபனா இரண்டுக்கும் தூக்கவில்லை. குள்ளம்மாளின் கை நேராக நின்றதை அவள் பார்த்தாள். அது வலித்தது. நியாயம்தான் என்றும் பட்டது. பட்டதால் வலி குறைந்துவிடவில்லை.

நவநீதன் பேனாவோடு தயங்கினார். பிறகு பற்றாளரிடமும் சோபனாவிடமும் பொதுவாகச் சொன்னார்: ஊர் ரெண்டுபட்டிருக்கிறது என்று தெரிந்தால் மேலே நம் முதல் தீர்மானத்தையும் மதிக்க மாட்டார்கள், எண்ணிக்கை எதற்கு, ஏகமனதாக என்று போட்டுவிட்டால் சோபனாவுக்கும் மரியாதையாக இருக்கும். பற்றாளர் தலையசைத்தார். கூட்டத்திலும் பாதிப் பேர், அதுவும் சரிதான் என்றார்கள். குள்ளம்மாள்கூடச் சும்மா இருந்தாள்.

சோபனா மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். குரல் பின்வரிசைக்கும் கேட்டது.

"ஏகமனதாகன்னு எழுதாதீங்க சார். என்னிய வேணாம்னவங்க நூத்தி ஒம்பது பேரு, எழுதுங்க. எனக்காக எழுவத்தெட்டு பேரு கை தூக்கியிருக்காங்க. அவங்க கைய நீங்க எறக்க முடியாது. அதையும் எழுதுங்க."

நவநீதன் எழுதினார். எழுதினதை ஊர் முன்னால் ஒரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அவள் கையெழுத்துப் போட்டாள்.